‘போதும் சார்’ என்று சொன்ன நாள்

என் ரீட்டாவுக்கு,

உன் நல்லடக்கத்துக்கு நான் வரவில்லை. விமான டிக்கெட் கிடைக்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கிடைத்தது. உன் முகத்தைப் பார்க்கத்தான் துணிவில்லை.

இதை நாலு பேர் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். தஞ்சாவூர் விடுதியில் நமக்கு ஒரே அறை. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்பு திறந்த காலம்; கூடப் படித்தவர்கள் எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்கள். கணித ஆய்வு செய்த நாம் மட்டும் ஹில்பர்ட் வெளியில் வெக்டர்களைத் திருப்பும், நீட்டும் வரம்புள்ள ஒரு செயலி எப்போது தன் ஜோடிச் செயலியான அட்ஜாயின்ட்டாகத் தானே இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தோம்.

எனக்கு டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. அமெரிக்காவில் மேல் ஆய்வுக்கு இடமும் கிடைத்திருந்தது. அன்று மத்தியானம் என் ஆய்வேட்டைக் கட்டிலில் விரித்து வைத்தாய்.

“அக்கா, ஒரு வெக்டரையும் செயலி அத மாத்தினதையும் சேத்த உட்பெருக்கம் எப்பவும் மெய்யெண்ணா வந்தா செயலி செல்ஃப்-அட்ஜாயின்ட்னு எழுதியிருக்கீங்க. அது கலப்பெண் வெளிக்குத்தான்க்கா சரி. உங்க அஞ்சாவது அத்தியாயம் முழுக்க மெய்யெண் வெளி. அங்க அது மெய்யெண்ணா வராம வேற எப்படி வரும்?”

ஒரு அம்புக்குறி வரைந்தாய். “இத இடப்பக்கம் தொண்ணூறு டிகிரி திருப்புறேன். பழைய அம்போட உட்பெருக்கம் பூஜ்யம், மெய்யெண்தான். ஆனா இதோட அட்ஜாயின்ட் வலப்பக்கம்ல திருப்புது? ரெண்டும் ஒண்ணாக்கா?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதனால்தான் கத்தினேன். “உன் கட்டுரையும் இந்தத் தேற்றத்த வச்சுத்தான நிக்குது? பேசாம இரு ரீட்டா!”

மறுநாள், ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த உன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாய். காரணம் கேட்ட வழிகாட்டியிடம், “நான் தப்பு பண்ணிட்டேன் சார்” என்றாய். என் பெயரைச் சொல்லவில்லை.

தேர்வன்று நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். தேர்வாளர் சரியாக அந்தப் பக்கத்தில் நிறுத்தினார்.

“இந்த நிபந்தனை போதுமாம்மா?”

“போதும் சார்.”

நீ எழுந்து சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? நானே சொல்வேன் என்று காத்திருந்தாயா?

நான் டாக்டர் பட்டத்தோடு விமானம் ஏறினேன். நீ ஆய்வை விட்டுவிட்டு சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாய். உன் கடிதங்கள் வந்தன. எதிலும் அந்தப் பேச்சே இல்லை.

போன வாரம் உன் ஊர் கீழ்வேளூருக்குப் போனேன். உன் அம்மா காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: “கணக்குல ஏதோ தப்பு பண்ணிட்டாளாம். அதான் படிப்ப விட்டுட்டேன்னு சொன்னா. கெட்டிக்காரப் பொண்ணு, எப்படித்தான் தப்பு பண்ணாளோ.”

“அவ பண்ணலம்மா. நான் பண்ணேன். அவ கண்டுபிடிச்சா.”

“இத அவ இருந்தப்ப சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். காபி ஆறிப்போயிற்று.

இன்று காலை பல்கலைக்கழகத்துக்கும், அந்த அத்தியாயத்தை வெளியிட்ட ஆய்விதழுக்கும் எழுதிவிட்டேன். பிழை என்னுடையது, கண்டுபிடித்தவள் நீ என்று. பட்டத்தைத் திரும்பக் கேட்பார்களா, தெரியாது. கேட்டால் கொடுத்துவிடுவேன். ‘எனக்கு அப்போது தெரியாது’ என்று மட்டும் எவரிடமும் சொல்ல மாட்டேன், ரீட்டா.

நீ அக்கா என்று கூப்பிட்ட,
வசந்தா