உன் வண்டியில் ஏறினோம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கம்போல் தொடங்க இந்தத் தடவை மனம் வரவில்லை. புதுப்பித்த ரயிலில் ஏறியதும் முதலில் என்ன தோன்றியது, ஒளிக்காமல் எழுது என்று கேட்டிருந்தாய். கேட்டது நீ. பிறகு அம்மாவுக்கு மூக்குமேல் கோபம் என்று தங்கையிடம் புலம்பாதே.

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பது வண்டி. அப்பா முதல்நாளே சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டார். நடைமேடையில் நின்றவர்களிடமெல்லாம், "உள்வேலை பூரா என் பொண்ணு ஆபீஸ்லதான் வரைஞ்சாங்க, கதவு மட்டும் அவளே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழக்கடைக்காரர் அதை இரண்டு தடவை கேட்டார், பாவம்.

வண்டி பளபளவென்றுதான் வந்தது. ஆனால் எதிரெதிர் இருக்கைகளை எங்கே கொண்டுபோய்ப் போட்டீர்கள்? பதினோரு வருஷமாக நானும் நர்ஸம்மாவும் இரண்டு டீச்சர்களும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறோம். நாலு மடியிலும் துணியை விரித்து, தையல் கடை போய்ச் சேர்வதற்குள் இரண்டு கால்சட்டைக்கு ஓரம் மடித்துத் தைத்துவிடுவேன். இப்போது சுவரோரமாக ஒரே வரிசை. டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. இருக்கையும் வழுக்குகிறது. பிரேக் போட்டால் டீச்சர் என் மேல், நான் நர்ஸம்மா மேல். இதை வரைந்த மகராசன் ஒருநாளாவது ரயிலில் வேலைக்குப் போயிருப்பானா?

போகட்டும், ஓரத்தைக் கடையில் போய்த் தைத்துக்கொள்வேன். என் வயிறு எரிவது உன் கதவை நினைத்துத்தான்.

அப்பாவுக்குக் கண் தெரிவதில்லை. எழுதிவிட்டேன். இரண்டு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்து, இப்போது பகலா இரவா என்பது மட்டும் தெரிகிறது. நரம்பு கெட்டுவிட்டது, மருந்தில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். "இப்பதான் வேலையில உக்காந்திருக்கா, அவகிட்ட சொல்லிடாதே" என்று அப்பா என் வாய்க்குப் பூட்டுப் போட்டார். நீ போனில் கேட்கும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நானும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மருத்துவமனையில் போன் இணைத்துக் கொடுக்கிற அவர் வேலைக்குக் காதும் விரலும் போதும். பழைய ரயிலுக்கும் அதுவே போதுமாக இருந்தது. நான் நாலாவது நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். அப்புறம் பாலம் தடதடக்கும், அடுத்தது அவர் நிறுத்தம். எழுந்து இரண்டு எட்டு வைத்தால் கம்பி. கம்பிக்கு வலப்பக்கம் கதவின் இரும்புப் பிடி. ஒருத்தர் உதவியும் வேண்டாம்.

உன் வண்டி பாலத்தில் மூச்சுக்கூட விடவில்லையாம். நிறுத்தத்தின் பெயர் பலகையில் எழுத்தாக ஓடுகிறது, வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. வண்டி நின்ற கணக்கை வைத்து அவராக எழுந்திருக்கிறார். கம்பி இல்லை, பிடி இல்லை. சுவரோடு சுவராக வழவழவென்று ஒரு பொத்தான், அதில் பச்சை எரிந்தால் தொட வேண்டுமாம். பச்சையை அவர் எங்கே காண்பார்? சுவர் முழுக்கத் தடவியிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருவர், "என்ன சார், புது வண்டின்னு ஆசையா தடவிப் பாக்குறீங்களா?" என்று கேட்க, இவரும் ஆமாம் என்று சிரித்திருக்கிறார். வண்டி கிளம்பிவிட்டது. கடைசி நிலையத்தில் பெட்டி துடைக்க வந்த அம்மாள்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

யாரையாவது கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா என்று கத்தினேன். அவர் சொன்னதைக் கேள். "என் பொண்ணு செஞ்ச கதவு எப்படித் திறக்கும்னு நான் இன்னொருத்தன்கிட்ட கேக்கணுமா?"

ஐந்து நாளாக வேலைக்குப் போகவில்லை. நான் கூட வருகிறேன் என்றாலும், பள்ளிக்கூடப் பிள்ளையா நான் என்று முறைக்கிறார். மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுக்கப்போகிறாராம். வேலையை விட்டால் அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார், எனக்குத் தெரியும்.

உங்கள் ஆபீஸில் அத்தனை படித்தவர்கள் இருந்தும், ஒருத்தர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து பார்க்கவில்லையா? சட்டைப் பொத்தானுக்குக்கூட விளிம்பு உண்டடி, இருட்டிலும் விரல் கண்டுபிடித்துவிடும். அப்பாவுக்குக் கண் போனது உனக்குத் தெரியாது, அது என் தப்பு. கண் தெரியாதவர்களும் ரயிலேறுவார்கள் என்பது உனக்குத் தோன்றாமல் போனதற்கு நான் பொறுப்பில்லை.

மாதம் முடிவதற்குள் ஒருதரம் வந்து போ. வந்து அழாதே, நான் இதையெல்லாம் எழுதினேன் என்றும் சொல்லாதே. "அந்தப் பொத்தானை மாத்தணும்பா, நீங்க தொட்டுப் பாத்து எப்படி இருக்கணும்னு சொல்லுங்க" என்று கூப்பிடு. நீ கூப்பிட்டால் ரயிலேறுவார். பிறகு நிஜமாகவே மாற்று.

இதை அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காகிதம் புரளும் சத்தத்தை வைத்தே மூன்றாவது பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டார். அப்படி என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். வண்டி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறேன் என்றேன்.

"கதவைப் பத்தி மறக்காம எழுது, சந்தோஷப்படுவா" என்கிறார்.

எழுதிவிட்டேன். நீ நூறு வயசு நன்றாக இரு.

கோபம் தீராத,
அம்மா