கைப்பிடியின் இடதுபக்கப் பலகை

ஆயுதக் கிடங்கு,
யூட்லாண்ட் முகாம்.
மார்ச் 4, புதன்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, வில்லட்ஸ் வணக்கத்துடன் எழுதுவது.

டென்மார்க் குடிமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை ஆறு பத்துக்கு என் மேலுதட்டில் பதினோராவது முடி முளைத்திருப்பது கண்ணாடியின் முன்னிலையில் உறுதி செய்யப்பட்டது. மீசை என்று சொல்வதற்கில்லை. ‘மீ’ வந்துவிட்டது, ‘சை’ என்பதைப் பார்க்கிறவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

வடதுருவப் பனிக்குள் இருக்கும் உங்கள் வானிலை நிலையத்துக்கு விமானம் மாதம் ஒருமுறைதான் வரும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். அம்மா நலம். உங்கள் சைக்கிளைத்தான் ஓட்டுகிறாள். இருக்கையைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளேன் என்றால், “அவரு வந்து இறக்கட்டும்” என்கிறாள். மூன்று வருஷமாக நுனிக்காலால் மிதிக்கிறாள்.

பெரிய செய்தி, நம் ராணுவத்தின் நாற்பத்தொன்பதாம் வருஷத்து மாடல் கைத்துப்பாக்கிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எழுபது வருஷ சேவை. ஒன்றை மட்டும் மைதானத்தில் கொடி விரித்த மேசைமேல் வைத்து அணிவகுப்பு நடந்தது. கர்னல் பேசி முடித்து, அதை எடுத்துக் கடைசியாக ஒருமுறை சுட்டார். குறி தவறியது. யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

மற்றவை ஆயிரத்து நூறும் உலைக்குப் போகின்றன. அதற்குமுன் கைப்பிடியின் மரப்பலகைகளை மட்டும் கழற்ற வேண்டும். அந்த வேலை எனக்கும் சார்ஜென்ட் கெர்டாவுக்கும். தப்பு செய்தவன் மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவரும் வழக்கம் இங்கே இன்னும் உண்டு. வந்த இரண்டு மாதத்தில் ஐந்து கேக் கொண்டுவந்துவிட்டேன். ஐந்தாவது, இவற்றுக்குப் பதிலாக வந்த, பிளாஸ்டிக் உடம்பு கொண்ட புதுத் துப்பாக்கிகளின்மேல் ‘வெந்நீரில் கழுவலாம்’ என்று சீட்டு ஒட்டியதற்காக. “டேய், உன்னால நான் நாலு கிலோ ஏறிட்டேன். ஒரு வாரமாச்சும் ஒழுங்கா இருந்து என் இடுப்பைக் காப்பாத்துடா” என்றார் சார்ஜென்ட்.

பழைய துப்பாக்கிகளைப் பிரிக்கப்போகிறோம் என்று நான் முன்பே எழுதியதற்கு உங்கள் பதில் பிப்ரவரி கடைசியில் கிடைத்தது. நான்கு வரி. மூன்று வரி காற்றைப் பற்றி. நான்காவது: “எண் 20417. இடதுபக்கப் பலகையின் உட்புறம் பார். இருந்தால் எடுத்து வை.” நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

கடிதத்தைச் சார்ஜென்டிடம் காட்டினேன். போஸ்னியாவில் நீங்களும் அவரும் ஒரே படைப்பிரிவு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். உங்களோடு ஒரே வண்டியில் போன உல்ரிக் என்பவர் கண்ணிவெடியில் இறந்ததும் அப்போதுதான். “அன்னிக்குச் சாயங்காலம் உங்கப்பன் வந்து, திருப்புளி குடுன்னு கேட்டான். குடுத்தேன். மறுநாள் திருப்பிக் குடுத்தப்ப நுனி மழுங்கிக் கெடந்துச்சு. எதுக்குன்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல” என்றார்.

எனக்கு நடுப்பெயர் ஏன் உல்ரிக் என்று சின்ன வயதில் கேட்டபோதெல்லாம், “சும்மாதான்டா, நல்லாயிருந்துச்சு” என்பீர்கள். பழைய ராஜா யாரோ என்று நினைத்துக் கொஞ்சம் கர்வமாகக்கூடத் திரிந்தேன்.

இனி என் வீரதீரம். கேளுங்கள்! பலகைகள் மலைபோல் குவிந்திருந்தன. மற்றவர்களுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் கையை விட்டேன், பத்தே நிமிடம், எடுத்துவிட்டேன். உட்புறத்தில் ‘உல்ரிக்’ என்று அழுத்தமான எழுத்துகள். “உனக்குக் கழுகுக் கண்ணுடா” என்று சார்ஜென்டே அசந்துபோனார். பலகையை என் சுத்தமான (கிட்டத்தட்ட) காலுறையில் சுற்றி, உங்களுக்குப் பிடித்த உப்பு அதிமதுர மிட்டாயோடு பார்சலில் வைத்திருக்கிறேன். இப்படி ஒரு பிள்ளை பெற எவ்வளவு கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

மார்ச் 8, ஞாயிறு

அப்பா, மேலே உள்ளதை எழுதி நான்கு நாள் ஆகிறது. உறையை ஒட்ட முடியவில்லை.

அந்த எழுத்துகளைக் கீறியது நான். செவ்வாய்க்கிழமை, ஆணியால். சார்ஜென்ட் கழுகுக் கண் என்று சொன்னதும் நான் கட்டிவிட்டதுதான். கீறல் வெளுப்பாக இருந்ததால் காபியும் பூட்ஸ் பாலிஷும் கலந்து தேய்த்தேன். பார்த்தால் உண்மையில் முப்பது வருஷப் பழசுபோல் இருந்தது. வியாழக்கிழமை சார்ஜென்ட் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். “காபி வாசம் வருது” என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “அவன் கீறினது அவனுக்குத் தெரியாதாடா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பலகைகளை ஜோடி ஜோடியாகக் கட்டி எண் சீட்டு போடச் சொல்லித்தான் சார்ஜென்ட் வேலையைக் கொடுத்தார். முதல் நாள், என் வேகத்தைக் காட்டுவதற்காக, முந்நூறு துப்பாக்கிகளின் பலகைகளைக் கழற்றி ஒரே பெட்டியில் கொட்டினேன். யாரும் இவ்வளவு செய்ததில்லை என்று சாப்பாட்டுக் கூடத்தில் பீற்றிக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்தபின் பட்டியலைப் பார்த்தேன். 20417 அந்த முந்நூறில் இருக்கிறது. பக்கத்தில் ‘சரி’ என்று குறியிட்டிருப்பது என் கை. எண் பொறித்த இரும்பு ஏற்கெனவே உலைக்குப் போய்விட்டது.

முந்நூறு இடதுபக்கப் பலகைகளையும் ஒன்று விடாமல் திருப்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் மட்டுமல்ல அப்பா, எத்தனையோ பேர் கீறியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் பெயர். ஒரு கோழிப் படம். ஒன்றில் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று மட்டும். அதற்குப்பின் அன்று வேலை ஓடவில்லை. நாற்பத்து மூன்று பலகைகளில் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய், கீறல் இருப்பது விரலுக்குத் தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. சார்ஜென்டும் தடவிப் பார்த்தார். கீறியவன் விரலுக்குத்தான் தெரியும் என்கிறார்.

நான் செய்த போலியை அடுப்பில் போட்டுவிட்டேன். பார்சலில் மிட்டாய் மட்டும்தான் இருக்கிறது. பலகைகள் எல்லாம் கணக்கு சரிபார்த்தபின் இந்த மாதக் கடைசியில் விறகாகக் கொதிகலனுக்குப் போக வேண்டியவை. நாற்பத்து மூன்றை மட்டும் சார்ஜென்ட் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். “அவன் வர்ற வரைக்கும் இது இங்கதான் இருக்கும். யார் வந்து கேட்டாலும் சாவி தொலைஞ்சு போச்சு” என்றார்.

ஏப்ரல் விமானத்தில் வாருங்கள் அப்பா. நீங்கள் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எதுவும் கேட்க மாட்டேன். நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மன்னிப்பையும் வரவையும் வேண்டும்
மகன்,
வில்லட்ஸ்