மண் மிஞ்சிய குழி

பஞ்சாப்,
1952 பிப்ரவரி 20

அன்புள்ள உலகம்மைக்கு,

நான் சுகம். நீயும் அப்பா அம்மாவும் சுகந்தானே? பசு கன்று போட்டதா?

இங்கே புது நகரத்துக்கு வரைபடம் போடும் எங்கள் எஞ்சினீயர், நகரம் அமைப்பது பற்றிய பழைய சமஸ்கிருத நூலொன்றைப் படித்துச் சொல்கிறார். தெரு எத்தனை அகலம், மேய்ச்சல் நிலம் எந்தப் பக்கம், எல்லாம் அதில் இருக்கிறது. மண்ணைச் சோதிக்க ஒரு முழக் குழி தோண்டி, அதே மண்ணால் மூட வேண்டுமாம். மண் மிஞ்சினால் வீடு கட்டலாம், குறைந்தால் கூடாது.

நாங்களும் இரண்டு குழி தோண்டினோம். முதல் குழியில் மண் மிஞ்சியது. அந்தச் சந்தோஷத்தில் பின்னால் நகர்ந்து இரண்டாவது குழியில் விழுந்துவிட்டேன்.

"ஏலே, குழிய மண்ணப் போட்டு மூடச் சொன்னா, நீயே விழுந்து மூடிட்டியா?" என்று சிரித்தான், கூட வேலை பார்க்கும் திருவட்டாறு தாணு.

வெறும் சுளுக்குதான். இப்போது கம்பில்லாமலே நடக்கிறேன். ஒரு குப்பி முறிவெண்ணெய் மட்டும் அனுப்பு.

பூதப்பாண்டியில் நாம் வீடு கட்டப்போகும் இடத்திலும் ஒரு குழி தோண்டிப் பார். மண் மிஞ்சினால் அஸ்திவாரம் போட ஒரு மாதம் லீவு தருவதாக எஞ்சினீயர் சொல்லியிருக்கிறார். உன் பதிலை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். எனக்கோ பொய் சொல்ல வராது.

தபால் பை கட்டுகிறார்கள், முடிக்கிறேன். மண் குறைந்தாலும் மிஞ்சியது என்றே எழுதிவிடு.

உன்
கணபதியப்பன்