இன்னும் லூர்து சம்பல் என்றுதான் கேட்கிறார்கள்

என் அன்பு நாத்தனார், வாயாடி லூர்துக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். எங்கே போனாலும் ரெண்டு நாளில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்கிறவள் நீ. அங்கேயும் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவரிடம் கதை அளந்துகொண்டிருப்பாய். இங்கே நான்தான் சுகமாக இல்லை, அதற்குக் காரணமும் நீதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும்.

போன வாரம் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "லூர்து சம்பல் இருக்காக்கா?" என்று கேட்டார். போர்டைக் காட்டி, "இது பாக்கியம் ஃபுட்ஸ்" என்றேன். அவர் நிமிர்ந்து போர்டைப் படித்தார். "சரிக்கா, லூர்து சம்பல் ரெண்டு பாட்டில் குடுங்க" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

கட்டையாகக் காய்ந்த சூரை மாசியை உரலில் போட்டு இடித்தது யார்? சின்ன வெங்காயம் உரித்துக் கண்ணெரிந்தது யார்? நெத்திலியைத் தலை கிள்ளி, மண் போக அலசி, தொக்கு அடிப்பிடிக்காமல் கிண்டியது யார்? உரிமம் என் பெயரில், அடுப்பு என்னுடையது, அலுவலகங்களில் கால்கடுக்க நின்றதும் நான். நீ செய்தது ஒன்றே ஒன்று. பேசினாய்.

தினமும் காலையில் அடுக்களை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்து, வாடிக்கையாளர் குரூப்புக்கு ஒரு வாய்ஸ் போடுவாய். "எல்லாரும் எந்திச்சாச்சா? இங்கன எங்க மைனி விடியுமுன்னயே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காவ. அவுக மூஞ்சி இப்படி இருந்தா சம்பல் நல்லா வந்திருக்குன்னு அர்த்தம். வேணுங்கிறவ இன்னைக்கே சொல்லிருங்க. நாளைக்கு மைனி சிரிச்சிட்டாவன்னா ருசிக்கு நான் பொறுப்பில்ல." நான் கரண்டியோடு நிற்பேன். பேசி முடித்த பிறகும் போனிலிருந்து விரலை எடுக்கமாட்டாய். என் பக்கமாக நீட்டியபடி கொஞ்ச நேரம் நிற்பாய். வேண்டுமென்றே கடுப்பேற்றுகிறாய் என்று நான் திரும்பிக்கொள்வேன்.

எனக்கு வயிறு எரியும், லூர்து. காயல்பட்டினத்து ஆயிஷா ராத்தா நம்முடைய பழைய வாடிக்கை. கல்ஃபில் இருக்கும் கணவருக்கு, ஊரிலிருந்து யார் போனாலும் பெட்டியில் நம் பாட்டிலைத் திணித்து அனுப்புகிறவர். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. உனக்கோ அவர் வீட்டுப் பூனையின் பெயர் வரைக்கும் தெரியும். சமைக்கிறவளை விட்டுவிட்டுச் சத்தம் போடுகிறவளைக் கொண்டாடுகிற உலகம் என்று உன் அண்ணனிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். அவர் உன் அண்ணன் ஆயிற்றே, சிரிப்பார்.

பிறகு நீ காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவே இல்லை.

குரூப்பில் உன் இடத்துக்கு நான் வந்தேன். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். "மாசிச் சம்பல் உள்ளது. நெத்திலித் தொக்கு உள்ளது" என்று காலையில் எழுதிப் போடுவேன், பக்கத்தில் விலை. யாராவது ஒருவர் கைகூப்புகிற படம் போடுவார். அவ்வளவுதான். வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நிரப்பிய பாட்டில்கள் முன்னறையில் அப்படியே நின்றன. உன் அண்ணன் ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே சொன்னார்: "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம் பாக்கியம். ஓடலன்னா முன்ரூம வாடகைக்கு விட்டுருவோம். மொபைல் கடை போடதுக்கு ஒருத்தன் கேக்கான்." அதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. அந்த அறை போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

அதனால்தான் நாசரேத்தில் சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு நடந்த பயிற்சிக்குப் போனேன். சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். மார்க்கெட்டிங் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்று, "உங்ககிட்ட ஏன் வாங்கணும்?" என்று கேட்டார்.

"சுத்தமா இருக்கும். ருசியா இருக்கும்."

"பக்கத்துல உக்காந்திருக்காங்களே, பனங்கற்கண்டு விக்கிறவங்க, அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. வேற யார்கிட்டயும் கிடைக்காதது உங்ககிட்ட என்ன இருக்கு? அது பொருளா இருக்கலாம், கதையா இருக்கலாம், ஒரு ஆளாவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சது."

எனக்கு உடனே பதில் தெரிந்தது. அந்தப் பதிலைத்தான் சொல்லப் பிடிக்கவில்லை. "ஆளுதான் மேடம். அந்த ஆளு செத்துப் போயிட்டா என்ன செய்ய?" என்றேன். ஹாலில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நல்ல பெண்தான். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து யோசனை சொன்னார். லேபிளில் உன் படத்தைப் போட வேண்டும். பெயரையே லூர்து சம்பல் என்று மாற்ற வேண்டும். இன்னொன்றும் சொன்னார். உன்னுடைய பழைய வாய்ஸ்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் உன் குரலைப் படித்துக்கொண்டு, உன்னைப் போலவே தினமும் புதிதாகப் பேசுமாம். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க லூர்து பேசுவாளா? அப்ப செஞ்சிருவோம்ளா" என்றார்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். செத்தவள் குரலை விற்றுப் பிழைக்க மனசு வரவில்லை போல என்று தெருவில் என்னைப் புகழ்ந்தார்கள். பங்குச் சாமியார்கூட நல்ல முடிவு என்றார். நானும் தலையை ஆட்டிவைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அது மனசாட்சி இல்லை, பொறாமை. உயிரோடு இருந்தபோதும் நீயே பேசினாய். போன பிறகும் நீயே பேசி நீயே விற்றுக்கொண்டிருந்தால், இங்கே நான் எதற்கு?

லேபிளில் ஆள் முகம்தான் வேண்டுமென்றால் என் முகம் என்ன குறைச்சல் என்று தோன்றியது. அச்சுக்கடை அண்ணாச்சியிடம் போய், என் படத்தைப் போட்டு ஊரெல்லாம் ஒட்டுகிற மாதிரி போஸ்டர் அடிக்கச் சொன்னேன். உரிமத்துக்கு எடுத்த படத்தைக் கொடுத்தேன். "சிரிச்ச படம் ஒண்ணும் இல்லியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதுதான் உண்மை. அவர் தன் மனசுக்குத் தெரிந்த அழகையெல்லாம் செய்துவிட்டார். நடுவில் முட்டை வடிவத்துக்குள் நான். பின்னால் நீல வானம், வெள்ளை மேகம். இரண்டு பக்கமும் ரோஜாப்பூ. கீழே பெரிய எழுத்தில் பாக்கியம். சம்பலும் தொக்கும் அடியில் பொடி எழுத்தில். "மேகம் எதுக்கு அண்ணாச்சி?" என்றேன். "ஒரு மரியாதையா இருக்கணும்லாம்மா" என்றார். எனக்கும் மரியாதையாகத்தான் தெரிந்தது. மீன் மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை விடியுமுன்னே ஒட்டிவிட்டார்கள்.

நம்மூரில் சுவரில் மேகத்துக்கு நடுவே சிரிக்காத முகம் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? நீ இருந்திருந்தால் பார்த்தவுடனே கிழித்துப் போட்டிருப்பாய்.

காலையில் நான் வாசலில் உட்கார்ந்து மாசி கழுவிக்கொண்டிருக்கிறேன். புன்னைக்காயலிலிருந்து உன் சித்தி ஒரு வேன் நிறைய ஆளோடு வந்து இறங்கினார். கையில் மாலை. தெருமுனையிலேயே, "பாக்கியம், இப்படிப் போயிட்டியே தாயி" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தவர், மாசியும் கையுமாக நிற்கிற என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பாட்டில் எடுக்க இங்கே பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போயிருந்த உன் அண்ணனுக்கு அதற்குள் போன் மேல் போன். "ஏல, காலையில எனக்கு டீ போட்டுக் குடுத்தாளே" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டி வந்தாராம். வந்து இறங்கியவர் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? டீ போட்டேன். சிரித்தார்கள், அண்ணாச்சியைத் திட்டினார்கள். சித்தி அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த உன் படத்துக்குப் போட்டார். போட்டதும் ஆரம்பித்துவிட்டது. "எம்மா லூர்து, ஒன் சத்தமில்லாம இந்த வீடு வீடாவா இருக்கு" என்று ஒருத்தி தொடங்க, வேனில் வந்த அத்தனை பேரும் உட்கார்ந்து அழுதார்கள். என் சாவுக்கு வந்தவர்கள், லூர்து. நான் டீத்தம்ளரோடு நடுவீட்டில் நிற்கிறேன், எல்லோரும் உனக்காக அழுகிறார்கள். எனக்கு வாங்கிய மாலைகூட உன் கழுத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு வயிறு எரிந்ததுபோல் என்றைக்கும் எரிந்ததில்லை.

அவர்கள் போன பிறகு ஒரு கார் வந்தது. யாரோ போஸ்டரைப் படமெடுத்து நம் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். காரிலிருந்து இறங்கிய அம்மாள் என்னைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்தார். "அல்லாவே. நீங்க மவுத்தாயிட்டியன்னுல்லா ஓடியாந்தேன்" என்றார். ஆயிஷா ராத்தா. இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். மேடம் சொன்ன யோசனை, கம்ப்யூட்டர் குரல், மேகம், மாலை, எல்லாம். மனசு கொதித்துக்கொண்டிருந்ததால், "என் கைப்பக்குவத்த ஒருத்தரும் நெனைக்க மாட்டேங்கிய. அவ வாயத்தான் நெனைக்கிய" என்றும் சொல்லிவிட்டேன்.

ராத்தா டீயைக் கீழே வைத்தார். "பொய் சொல்லக் கூடாது. மாசிச் சம்பல் எங்க வீட்லயும் செய்வோம். ஒங்கள விட நல்லாவே செய்வோம்."

எனக்கு முகம் செத்துவிட்டது. "பொறவு எதுக்கு வாங்குனிய?"

"அவ காலையில ஒங்கள வம்புக்கு இழுப்பா. இன்னைக்காவது நீங்க திருப்பிக் குடுப்பியன்னு பாத்துக்கிட்டே இருப்போம். அங்க கல்ஃப்ல எங்க வீட்டு மாப்பிள்ளை, எம் புருசனும் வேலைக்குப் போகுமுன்ன கேப்பாக, இன்னைக்கு மைனி பேசினாவளான்னு. ஒரு நாளும் நீங்க வாயத் தொறக்கல. அவ போன பொறவாவது பேசுவியன்னு பாத்தா, வெலைய மட்டும் எழுதி விடுதிய. பாதிச் சண்டையில நிக்கோம் நாங்க. நீங்களும் போயிட்டியன்னா அவளுக்குப் பதில் சொல்ல வேற யாரு இருக்கா?"

அன்று முழுக்க, நீ போனை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றதுதான் கண்ணுக்குள் நின்றது. ஏளா, அது கடுப்பேற்றுவதற்காக இல்லையா? நான் பதில் சொல்லுவேன் என்றா தினமும் காத்துக்கொண்டிருந்தாய்?

மறுநாள் காலையில் நீ நிற்கிற நிலைப்படியில் போய் நின்றேன். போனை அழுத்தினேன், வாய் வரவில்லை, விட்டுவிட்டேன். மறுபடியும் அழுத்தினேன். "லூர்து, நான் மைனி பேசுதேன். நீ ஊருக்குச் சொன்னதெல்லாம் பொய். என் மூஞ்சி பொறந்ததுல இருந்தே இப்படித்தான். ஒனக்கு ஆக்கிப் போட்டதுல இன்னும் கொஞ்சம் தொங்கிப்போச்சு. நேத்து என் சாவுக்கு வந்தவளுவ எல்லாரும் ஒனக்கு அழுதுட்டு, என் டீயக் குடிச்சிட்டுப் போயிட்டாளுவ. எனக்கு வாங்குன மாலையையும் நீயே போட்டுக்கிட்ட. ஒனக்கு வெக்கமா இல்லியா? சம்பல் இருக்கு. வேணுங்கிறவ சொல்லுங்க."

உன் அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, "பாட்டில் காணாது, இன்னும் எடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரியாகப் போயிற்று. மதியம் வரை போன் கையைவிட்டு இறங்கவில்லை. விலகிப் போனவர்களெல்லாம் திரும்ப வந்தார்கள். ராத்தாவின் கணவர் அங்கிருந்து, "மைனி, நாலு பாட்டில், அப்படியே நாளைக்கும் பேசுங்க" என்று வாய்ஸ் போட்டார். மொபைல் கடைக்காரனிடம் அறை இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

உனக்குச் சந்தோஷமாக இருக்குமே? எனக்கு முழுசாக இல்லை. குரூப்பில் அன்று அதிகம் வந்த பதில் எது தெரியுமா? "லூர்து கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா." என் வாயால் முதன்முதலாக நான் விற்றாலும் பேர் உனக்குத்தான். இப்போது எல்லோரும் என்னை மைனி என்கிறார்கள். அது நீ மட்டும் கூப்பிட்ட பேர். என்னைக் கேட்காமல் அதை ஊருக்கே கொடுத்ததும் நீதான்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் குரலை எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கமாட்டேன். உன்னை மாதிரி இன்னொன்று பேசவும் வேண்டாம், நான் அதனோடு சண்டை போடவும் வேண்டாம். உன் பழைய வாய்ஸ் எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது. தினமும் ஒன்றைக் கேட்டு, தினமும் ஒன்றுக்குப் பதில் சொல்லுவேன். நீ பேசியிருக்கிற பேச்சுக்கு இந்த ஜென்மம் காணாது. கடைசி வாய்ஸுக்குப் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்த அடுப்பை அணைக்கமாட்டேன்.

புது லேபிளும் அடித்தாயிற்று. நம் இரண்டு பேர் முகமும் இருக்கிறது. நீ சிரிக்கிறாய், நான் முறைக்கிறேன், மேகம் கிடையாது. என் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டேன்.

இன்றைக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு,
உன் அண்ணன் பெண்டாட்டி,
உனக்கு மட்டும் மைனி,
பாக்கியம்