வேஸ்மாவுக்கும் தாடி உண்டு

ஜூன் 3, செவ்வாய்

மழை. டிராம் பரிசோதகர் பாட்டு இரண்டு வரியோடு நிற்கிறது. முதல் இரண்டு வரி என்னுடையது, அடுத்த இரண்டும் என்னோடு சேர்ந்து பாடும் மோட்ரிஸ் எழுதவேண்டியது. எங்கள் பாட்டெல்லாம் இப்படித்தான் உண்டாகிறது. நான் யாரையாவது கிண்டல் செய்ய ஆரம்பிப்பேன், அவன் அதை என் பக்கமே திருப்பிவிடுவான். ஜனம் சிரிப்பது அந்தத் திருப்பத்துக்குத்தான். தனியாக எழுதினால் எனக்கு வருவது வெறும் வசவு.

போன இலையுதிர் காலத்தில் மாமாவின் பண்ணைக்குக் குடிபோனவன் ரீகா பக்கமே தலைகாட்டுவதில்லை. ஆகஸ்டில் புதுப்பாட்டுகளைப் பதிவு செய்யக் கூடம் பேசிவைத்திருக்கிறேன். இன்று குறுஞ்செய்தி அனுப்புகிறான்: "ஆகஸ்ட்ல முடியாது. எனக்குக் கஸஸ்."

கஸஸ், அதாவது ஆடுகளாம். கொட்டிலைச் சரிசெய்கிறேன், ஆடு வாங்கப்போகிறேன் என்று மார்ச்சிலேயே சொன்னான். நான்தான் நம்பவில்லை.

ஜூன் 4

ஆடு. என்னைவிட ஆடு.

ஜூன் 9, திங்கள்

உட்கார முடியவில்லை. சந்தைக்குப் போய் ஸ்ட்ராபெர்ரி வாங்கினேன், சாப்பிடாமல் மேசையிலேயே வைத்துவிட்டேன். கிதாரை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு நாள் போயிற்று. கடைசியில் மானத்தை விட்டு நானே கேட்டேன்: "எத்தனை?"

"ஒண்ணே போதும், தாங்காது."

"எனக்குப் போட்டியா வந்தவளுக்குப் பேர் இருக்கா?"

"வேஸ்மா. பார்த்தா உனக்கே பிடிச்சிடும்."

ஒற்றை ஆட்டுக்காக ஒரு இசைத்தட்டையே கைவிடுகிறானே, இவனை என்ன செய்வது?

ஜூன் 14, சனி

எழுதிவிட்டேன்! தனியாக, ஒரே மூச்சில். கோபம்கூட உதவுகிறது.

வேலியைத் தின்றாள் வேஸ்மா – லீகோ
தொப்பியைத் தின்றாள் வேஸ்மா – லீகோ
அவனுக்கும் தாடி, அவளுக்கும் தாடி – லீகோ
யாரை யார் மேய்க்கிறார், சொல்லுங்கள் – லீகோ

இருபத்து மூன்றாம் தேதி, கோடைத் திருவிழா மேடையில் இதுதான்; வரிக்கு வரி லீகோ போடுவது அந்த இரவுப் பாட்டுகளின் வழக்கம். வருகிறாயா என்று மோட்ரிஸைக் கேட்டேன். "வேஸ்மாவையும் கூட்டிட்டு வரேன்" என்றான். கயிற்றில் கட்டியா என்று கேட்க நினைத்தேன். கேட்டுத் தொலைத்திருக்கலாம். (இந்தக் கடைசி வரியைப் பிறகு சேர்த்தேன்.)

ஜூன் 24

ஐயோ.

நேற்று ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி, சீமைச் சீரகம் போட்ட பாலாடைக்கட்டி வெட்டி, பீர் ஊற்ற ஆரம்பித்த நேரத்தில் மேடை ஏறினேன். ஆட்டுப் பாட்டு. கூட்டம் முழுக்க லீகோ போட்டது. இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தாடி வரியில் மோட்ரிஸைக் கண்டேன். தலையில் கருவாலி இலை வளையம், வாய் திறந்தபடி நின்றான். பக்கத்தில் டெய்ஸிப் பூ வளையம் வைத்த நெட்டைப் பெண் ஒருத்தி. என்னையே பார்த்தாள், சிரிக்கவில்லை. பாட்டு முடிந்தபோது இருவரும் அங்கே இல்லை.

இறங்கியதும் எங்கள் குழுவில் டபுள் பேஸ் வாசிக்கும் ரைத்திஸ் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனான்.

"உனக்கென்ன கிறுக்கா, அக்ரிதா? அவன் கட்டிக்கப்போற பொண்ணை இப்படியா பாடுவே?"

"எந்தப் பொண்ணு? அது ஆடு."

"எது ஆடு? எனக்குக் கல்யாணக் கார்டே வந்தாச்சு. உனக்கு நேர்ல குடுக்கணும்னு சட்டைப்பையில வச்சிட்டு வந்தான்."

கஸஸ் என்றால் ஆடுகள். எழுத்தின் தலைமேல் ஒரு கோடு போட்டு நீட்டினால் காஸஸ், கல்யாணம். அந்தப் படுபாவி தொலைபேசியில் என்றைக்குக் கோடு போட்டிருக்கிறான்? நான்தான் என்றைக்குப் போட்டிருக்கிறேன்? ஊரில் யார் போடுகிறார்கள்?

கல்யாணத்தை அவன் என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறான். நான் எத்தனை என்று கேட்டிருக்கிறேன்.

ஜூன் 25

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஒருவரைக் கேலி பாடினால் அவர் முகம் சுளிக்கக் கூடாது, பாட்டாலேயே பதில் தரவேண்டும். எங்களுக்குள் எழுதாத சட்டம் அது. எவ்வளவு மோசமாகவும் திட்டிப் பாடலாம், பதில் வந்துவிட்டால் எல்லாம் சரி. பதில் வராவிட்டால் அது பகை.

பதில் வரவில்லை. யாரோ பாட்டைப் படம்பிடித்து வெளியிட்டிருக்கிறார்கள், ஊரே பாடுகிறது. ரொட்டிக்கடைப் பெண் என்னைப் பார்த்ததும் "யாரை யார் மேய்க்கிறார்" என்று முணுமுணுக்கிறாள். என் பாட்டு ஒன்றை ஓட ஓட விரட்டி வாயைப் பொத்தவேண்டும்போல இருப்பது இதுதான் முதல்முறை.

ஜூலை 6

மன்னிப்பு எழுதி அனுப்பினேன், எல்லாக் கோடுகளையும் போட்டு. நடந்த குழப்பத்தையும் சொன்னேன். அவன் பதில்: "எனக்குப் புரியுது. சிரிப்புக்கூட வந்துச்சு. ஆனா பாட்டு அவமேல. அவ வாயே திறக்கலை. கொட்டில்ல போய்த் தனியா உட்கார்ந்துக்கறா."

அழ வைத்துவிட்டேனா அந்தப் பெண்ணை? நான் இனிமேல் யார்கூடச் சேர்ந்து எழுதுவேன்? எனக்கு அவன் வேண்டும். வேறு யாரோடும் எனக்குச் சிரிப்பு வராது.

ஜூலை 21

கார்டு வந்தது. என் பெயர் மட்டும். கூட ஒரு வார்த்தை இல்லை. 'காஸஸ்' என்ற சொல்லின் மேல் கோட்டைப் பேனாவால் இன்னொரு தடவை தடியாக இழுத்திருக்கிறார்கள். யார் கை?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன். கிதாரைக் காரிலேயே விட்டுவிட்டேன், எந்த முகத்தோடு எடுப்பது? நேற்று சாப்பாட்டில் வழக்கம்போல மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் பெண் வீட்டார் ஒரு பக்கமும் மாறி மாறிக் கேலி பாடிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கூடம் அடங்கியது. நிமிர்ந்தால், வேஸ்மா எழுந்து நிற்கிறாள். கல்யாண உடுப்பு, தலையில் பூ, மோவாயில் ஆளிநாரில் பின்னிய நீளத் தாடி.

என் மெட்டிலேயே ஆரம்பித்தாள். லீகோவை ஜூனுக்குப் பிறகு யாரும் பாடுவதில்லை. அவள் பாடினாள்.

வேலியைத் தின்றவள் நானில்லை – லீகோ
தொப்பியைத் தின்றவள் நானில்லை – லீகோ
நெடிலைத் தின்றவள் அக்ரிதா – லீகோ
செரிக்கவில்லை பார், முகம் பச்சை – லீகோ

கூடம் இரண்டாகப் பிளக்கிற மாதிரி சிரிப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எப்படியோ எழுந்தேன்:

தாடியை ஒட்டினது நான்தான் – லீகோ
அழகாய் இருக்கிறது, எடுக்காதே – லீகோ

மூச்சு வாங்குவதற்குள் மோட்ரிஸ் பிடித்துக்கொண்டான். கல்யாணத்துக்காக மழித்த மோவாயைத் தடவிக்கொண்டே:

காலையில் மழித்ததைக் காணோம் என்று – லீகோ
தேடினேன், இவளிடம் இருக்கிறது – லீகோ

எனக்கு அழுகை வந்தது. எத்தனை மாதமாயிற்று அவன் என் வரியைப் பிடித்து.

பிறகு வேஸ்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாடியைக் கழற்றினாள். "கொட்டில்ல உட்கார்ந்து பாடிப் பாடிப் பார்த்தேன். இவன் நான் அழறேன்னு நெனச்சுக்கிட்டான்."

"கோபம் இல்லையா?"

"இல்லாம என்ன? அதனாலதான் இவ்வளவு நல்லா வந்துச்சு. அந்த டிராம் பாட்டு ரெண்டு வரியில நிக்குதாமே, மீதியைக் கேக்கறியா?"

செப்டம்பர் 18

பதிவு. ரைத்திஸ் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, மூன்றாவது மைக்கை எங்கே நிறுத்துவது என்பதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

மோட்ரிஸ் குறுஞ்செய்தி: "அடுத்த வாரம் ஒத்திகைக்கு வர முடியாது. கஸஸ்."

உடனே கூப்பிட்டேன். "கோடு உண்டா, இல்லையா?"

"இல்லை. இந்தத் தடவை நிஜமாவே ஆடு."

"எத்தனை?"

"ஒண்ணே போதும், தாங்காது. வேஸ்மா அதுக்கு அக்ரிதான்னு பேர் வச்சிருக்கா."

வேலியைத் தின்கிறதாம்.