சாவுக்கும் மாற்றாள் கேட்டவர்கள்

என் உயிரான முத்தம்மாள் அக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் கை ஓடவில்லை. இன்று ஓடுகிறது என்பதால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

நீ போன விதம் உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். ராஜபாளையத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில், கிளீனிங் கம்பெனி ஒன்றின் ஆளாக நீ தரை துடைத்தாய். வீடு ஒழுகுகிறதென்று மச்சான் அந்தக் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கினார். அன்றே உன் ஆதார் அட்டை அவர்களுடைய பீரோவுக்குப் போய்விட்டது. அதன் பிறகு நீ லீவு எடுப்பதென்றால் வீட்டிலிருந்து ஒரு பெண்ணை மாற்றாளாக விட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். காய்ச்சலுக்கும் மாற்றாள், ஆடிப்பூரத் தேருக்கும் மாற்றாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே உன் மகள் செல்வி எத்தனை முறை உன் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றிருக்கிறாள்!

உனக்கு நெஞ்சு வலித்த அன்று செல்விக்குக் கல்லூரியில் பரீட்சை. மாற்றாள் இல்லையென்று சூப்பர்வைசர் உன்னை விடவில்லை. மாடிப்படியில், தரை துடைக்கிற மாப்போடு விழுந்தாய்; பிறகு எழவே இல்லை. மாடிக்கு மாடி டாக்டர்கள் இருக்கிற கட்டிடம், அக்கா. ஈரத்தில் வழுக்கிவிடாமல் உன்னைச் சுற்றிப் போனவர்களில் ஒருவராவது உன் முகத்தைப் பார்த்தாரா?

காரியத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், தாய்மாமன் முறைக்குச் செல்விக்கு எடுத்த புதுத் துணியைத் தாம்பாளத்தில் வைத்திருந்தேன். சூப்பர்வைசர் வந்தான். அந்தத் துணிக்குப் பக்கத்திலேயே உன் நீலக் கோட்டை வைத்தான். துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

“துக்கந்தான் வாத்தியார் சார், யாரு இல்லன்னா? ஆனா அட்வான்ஸ் நிக்குல்லா. அவிய எடத்துக்குப் பிள்ளைய நாளைக்கு வேன்ல ஏத்தி விட்ருங்க.”

உன்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள். “ஏலே, செத்ததுக்குமா மாத்தாள் கேக்க? அப்பம் சுடுகாட்டுல உங்க ஓனர மாத்தாளா விட்டுட்டு எங்க மதினியக் கூட்டிட்டு வா, பாப்பம்!”

சாவு வீடென்றும் பாராமல் எல்லோரும் சிரித்துவிட்டோம். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. “வாங்குனது வாங்குனதுதான மாப்ள? பிள்ள கொஞ்ச நாளு போயிட்டு வரட்டும்” என்றார். உன் கல்யாணத்திலேயே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

செல்வி அந்தக் கோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: “நான் போணுமா மாமா?”

அடுத்த நாளே கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மேனேஜரின் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஓர் உறுதிமொழி தொங்கியது. எங்கள் நிறுவனத்திலும், எங்களுக்குப் பொருள் தருகிறவர்களிடத்திலும் கட்டாய உழைப்பு கிடையாதாம். அதைக் காட்டி, உன் கதையைச் சொன்னேன்.

“நாங்க யாரையும் கட்டிப் போடலையே சார். ஆதார் தொலஞ்சிரக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்கோம். பிள்ளைக்கு ஆஸ்பத்திரி ஆகலைன்னா நமக்கு மாப்பு நூல் தார மில்லு இருக்கு. விடுதி உண்டு. வார்டன் கூடத்தான் கடைக்கே விடுவாங்க, அம்புட்டுப் பாதுகாப்பு.”

பூட்டி வைப்பதற்கு அவன் வைத்திருக்கிற பெயரைப் பார்த்தாயா? நீ நாளெல்லாம் பிழிந்த மாப்பின் நூல், வெளியே வர முடியாத பெண்பிள்ளைகளின் கையிலிருந்துதான் உனக்கு வந்திருக்கிறது. உனக்கு இது தெரியுமா, அக்கா?

ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் சொன்னேன். அது காண்ட்ராக்ட்காரர் விஷயம் என்று டீ வாங்கித் தந்தார்கள். குடிக்கவில்லை. கலெக்டர் ஆபீசில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி மனுக் கொடுத்தேன். அலைய விட்டார்கள். கடைசியில் ஒரு நாள் அதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரிக்கே விசாரணைக்கு வந்தார்.

வந்தவர், பெண்களை வாசல் முற்றத்தில் நிறுத்தி, சூப்பர்வைசரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். மனுக் கொடுத்தவன் என்று நானும் ஓரமாக நின்றிருந்தேன். “குறை ஒண்ணும் இல்லைங்கய்யா” என்று ஒருத்தி சொன்னாள், அடுத்தவளும் அதையே சொன்னாள். வேறு என்ன சொல்வார்கள்?

பேச்சியம்மாளின் முறை வந்தது. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். “அய்யா, எனக்குக் கிறுகிறுன்னு வருது, வீட்டுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு நேரே கேட்டைப் பார்த்து நடந்தாள்.

அதிகாரி பக்கத்தில் நிற்பதே சூப்பர்வைசருக்கு மறந்துபோனது. பழக்கம், அக்கா! ஓடிப்போய்க் கேட்டின் குறுக்கே கையை விரித்தான். “ஏட்டி, மாத்தாள் எங்க? மாத்தாள விடாம எங்க போற?”

பேச்சியம்மாள் திரும்பி, “கேட்டுக்கிட்டியளா அய்யா? இதச் சொல்லத்தான் ஒருத்திக்கும் வாய் வரல” என்றாள். அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அன்றே பீரோவைத் திறக்க வைத்தார்கள். அட்டைகள் அவரவர் கைக்கு வந்தன. அட்வான்சைக் காட்டி யாரையும் பிடித்து வைக்க முடியாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது. செல்வி கல்லூரிக்குப் போகிறாள். அவளை ஏற்றிப்போக எந்த வேனும் வாசலுக்கு வராது.

இத்தோடு முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்பெனியை மாற்றிவிட்டோம் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்கள். புதுக் கம்பெனியும் அந்த மில்லிலிருந்துதான் மாப்பு நூல் வாங்குகிறது. இப்போது அந்தக் கம்பெனியில் இருக்கிற பேச்சியம்மாள்தான் நூல் மூட்டையில் மில்லின் பெயரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். “நம்ம கேட்டத் தொறந்தாச்சு வாத்தியாரே. அந்த மில்லுப் பிள்ளைகளுக்குக் கேட்ட யாரு தொறப்பா?”

நாளை அந்த மில்லைப் பற்றி மனுக் கொடுக்கிறேன். பேச்சியம்மாளும் வருகிறாள். விசாரணைக்கு வருகிறவர், வார்டன் இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளைகளிடம் கேட்கும்வரைக்கும் நான் அந்த ஆபீஸ் வாசலை விட்டு நகரமாட்டேன். நூல் எங்கிருந்து வருகிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்களையும் விடாமல் கேட்பேன். பகை வந்தால் வரட்டும். உனக்கு நான் தருகிற வாக்கு இது, அக்கா.

உன் கூடப் பிறந்தவன்,
செல்வியின் தாய்மாமன்