கடைசி பெஞ்சு வரை

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

டாக்டர் உன்னைப் போனில் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டாராமே. இருக்கிற குரலைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாராம். அண்ணி சொன்னார். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனா பிடித்திருக்கிறேன். கோழி கிண்டிய மாதிரி இருந்தால் சிரிக்காதே.

தொண்டையில் முடிச்சு விழும்வரையா கத்துவாய்? பக்கத்து விமான நிலையத்து விமானம் பாடத்துக்கு நடுவில் தலைக்கு மேலே போகிறபோது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

நல்ல செய்தி ஒன்று. நாலு வருஷமாக நான் கட்டிக்கொண்டு மாரடிக்கும் இன்ஜின் விசிறி தயாராகிவிட்டது. மீட்டரில் பழையதில் பாதிச் சத்தம்தான். சோதனை விமானம் வருகிற செவ்வாய் காலை பத்து மணிக்கு உங்கள் பள்ளிக்கு மேலேதான் ஏறும். கேட்டுவிட்டு எழுது. இருபதாம் தேதி வடிவமைப்பு கையெழுத்தாகிவிட்டால் அப்புறம் ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது. முதலில் உங்கள் ஊர் காலை விமானங்களுக்குத்தான் பொருத்தப்போகிறார்கள்.

உன் தங்கை

மார்ச் 11

என் வாயாடிக்கு,

தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்.

வாயை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். விமானம் வந்தால் கையைத் தூக்குவேன், வகுப்பு பேனாவைக் கீழே வைக்கும். போனதும் கையை இறக்குவேன். ஒரு பாடவேளையில் ஒன்பது தடவை இப்படி என்றால் பாடம் எங்கே முடிவது? பரீட்சை நெருங்கினால் கத்தத்தான் வேண்டியிருக்கிறது. வருஷக் கடைசிக்குள் குரல் தேறாவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதச் சொல்லிவிட்டார் டாக்டர். பிள்ளைகள் இல்லாத அறையில் நான் என்ன செய்வேன்? பயமாக இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் விமானம் வந்தது. அந்தப் பழைய உறுமல் இல்லை, வாஸ்தவம். ஆனால் உள்ளே ஒரு 'ஙொய்ய்' இருக்கிறது, காதுக்குள் கொசு புகுந்த மாதிரி. கத்திப் பார்த்தேன். கடைசி பெஞ்சுக்கு என் வாயசைப்பு மட்டும்தான் தெரிந்ததாம். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், தெரியும். அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

அண்ணன்

மார்ச் 15

அண்ணாவுக்கு,

கொசுவா? பன்னிரண்டு பொறியாளர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். நீ ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டாய். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது காதையும் காட்டிவிட்டு வா.

தங்கை

மார்ச் 19

அண்ணா,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

மனசு கேட்கவில்லை. நேற்று அந்த ஒலிப்பதிவைப் பெரிய அறையில் போட்டு, கூட வேலை பார்க்கும் அக்காவை அந்தக் கோடியில் உட்காரவைத்து, இந்தக் கோடியில் நின்று பேப்பர் வாசித்தேன். "நீ வாசிச்சியா என்ன?" என்று கேட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது. நாலு வருஷமாக நாங்கள் பன்னிரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டேதான் கேட்டிருக்கிறோம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு வார்த்தை பேசிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்த ஙொய் பழைய இன்ஜினிலும் இருந்ததுதான். உறுமல் அதை மூடியிருந்தது, அவ்வளவுதான். விசிறிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடுகள் சில உண்டு. விசிறி தள்ளும் காற்று அவற்றின் மேல் மொத்தமாக ஒரே நேரத்தில் அறைகிறது. தகடுகளைச் சாய்த்து வைத்தால் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டு போகும், ஙொய்யும் அடங்கும்.

நாளைக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, நான் செய்தது தப்பு என்று நானே சொல்ல வேண்டும். தலைமைப் பொறியாளர் வேலையை என் கையிலிருந்து பிடுங்கினாலும் பிடுங்குவார். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

தங்கை

மார்ச் 21

அண்ணா,

சொல்லிவிட்டேன். யார் கண்டுபிடித்தது என்று தலைமைப் பொறியாளர் கேட்டார். எங்கள் அண்ணன், பள்ளிக்கூட வாத்தியார் என்றேன். கையெழுத்துக்கு வைத்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "எட்டு மாசம் தர்றேன், நீயே சாய்ச்சு வை" என்றார். அதுவரை கத்தித் தொலைக்காதே.

தங்கை

நவம்பர் 18

என் வாயாடிக்கு,

நீ எழுதியபடி இன்று பத்து மணிக்கு உன் விமானம் வந்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலில் அது தெரிந்ததுமே பழக்க தோஷத்தில் கை மேலே போய்விட்டது. வகுப்பும் பேனாவைக் கீழே வைத்தது. ஏதோ காற்றடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து போய்க்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கியபடி நிற்கிறேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் உண்டு, வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் எழுந்தாள். "ஏன் சார் நிறுத்திட்டீங்க? நீங்க சொல்றது கேட்டுட்டுதான் இருந்துச்சு."

கையை இறக்கிவிட்டு, விட்ட வாக்கியத்தைச் சாதாரணக் குரலில் முடித்தேன். விமானம் அதற்குப் பிறகுதான் தாண்டிப் போனது. அழுகை வந்துவிட்டது, போர்டைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

உன் அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வீட்டில் வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. ஆபீஸ் வேலைக்கு மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதி, கொடுக்க மனசு வராமல் பெட்டியில் வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தை அதன் முதுகில்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணன்